பந்தியில் யாருக்கு இடம்?

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று ஒரு பழமொழி உண்டு, தோழர்களே! கல்யாண வீட்டிலே முதல் பந்தியில் இடம் பிடித்துவிட்டு, ஊருக்கு ஓர் இடர் வந்தால் கொல்லைப்புறமாக நழுவுகிறவனைக் கேலி செய்யச் சொன்ன சொல் அது. ஆளவந்தார்களின் அகராதியிலே இந்தப் பழமொழி இரண்டாகக் கிழிக்கப்பட்டு, ஆளுக்கொரு பாதியாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. போர் மூண்டால், "படைக்கு முந்து!" என்று பாட்டாளியைப் பார்த்து முரசறைவார்கள். பந்தி விரிக்கும் வேளை வந்தால், "பந்திக்கு முந்துங்கள்!" என்று சீமானைப் பார்த்துக் கை கூப்புவார்கள். படைக்கு ஏழை, பந்திக்குப் பணக்காரன். பல நாடுகளில், பல காலமாக, இதுவே நடைமுறை.

இந்த நடைமுறையை ஒரு சர்க்கார் ஒருமுறை மாற்றி எழுத நேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்திலே ஊருக்கு ஊர் பொது உணவுச்சாலைகள் திறக்கப்பட்டன. நகராட்சி நடத்தும் சாப்பாட்டுக் கூடம். எவரும் உள்ளே போகலாம். காசு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கையைக் கடிக்காத காசு. அதே சர்க்கார், அதே போரின்போது, அதே கொடியின் கீழிருந்த வங்காளத்திலே பல லட்சம் மக்களைப் பட்டினியால் மடிய விட்டது. இரண்டும் நடந்தவை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் சோற்றுக்கும் ஆட்சிக்கும் உள்ள உறவு விளங்கும். அது விளங்கினால், இன்று நம் ஊர்களில் இருக்கும் மலிவு விலை உணவகத்தை நாம் எப்படிப் போற்ற வேண்டும் என்பதும் விளங்கும்.

முதலில் லண்டனுக்குப் போவோம்.

தீவு நாடு இங்கிலாந்து. அந்நாட்டார் உண்ணும் உணவில் பெரும்பகுதி அன்று கப்பலில் வந்து இறங்கியது. அந்தக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வழிமறித்து மூழ்கடித்தன. 1940-ம் ஆண்டு ஜனவரி 8-ம் நாள் பங்கீடு தொடங்கிற்று. முதலில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை. பிறகு மற்ற இறைச்சி வகைகள், தேயிலை, பாலாடைக் கட்டி என்று பட்டியல் நீண்டது. பங்கீடு முற்றிலும் நீங்கியது 1954 ஜூலை 4-ம் நாள்தான். கதிரவன் மறையாத சாம்ராஜ்யம் என்று பெருமை பேசிய நாடு, பதினான்கு ஆண்டுக் காலம் கூப்பன் புத்தகமும் கையுமாகக் கடை வாசலில் நின்றது!

அந்தப் பங்கீட்டிலே ஓர் ஓட்டை இருந்தது. வீட்டு அடுப்புக்குத்தான் கூப்பன். ஓட்டலிலே சாப்பிடுகிறவனிடம் கூப்பன் கேட்கவில்லை. பணம் படைத்தவன் வீட்டுப் பங்கையும் வாங்கிக்கொண்டு, ஓட்டலுக்கும் போய் வயிறாரத் தின்னலாம். பட்டறைத் தொழிலாளி? அவனுக்கு வீட்டுப் பங்கு மட்டும்தான். "போர் எல்லோருக்கும் பொது என்கிறீர்களே, பட்டினி மட்டும் எங்களுக்கா?" என்ற கேள்வி எழுந்தது. 1942-ம் ஆண்டு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்: எந்த ஓட்டலிலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐந்து ஷில்லிங்குக்கு மேல் வாங்கக் கூடாது. சீமான்களின் ஓட்டல்கள் சும்மா இருக்குமா? மேசைக் கட்டணம் என்றும் நடனக் கட்டணம் என்றும் தனியாகப் போட்டு வாங்கிக்கொண்டன. சட்டத்துக்குச் சந்து கண்டுபிடிப்பதிலே எல்லா நாட்டுப் பணக்காரர்களும் ஒரே சாதி!

தொழிலாளிக்கு என்ன வழி? இரண்டு வழிகள் திறந்தன. இரண்டையும் நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும்.

முதல் வழி, தொழிற்சாலைக்கு உள்ளே. அன்றைய கூட்டு அமைச்சரவையிலே தொழிலாளர் அமைச்சராக அமர்ந்தவர் எர்னஸ்ட் பெவின். சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர், வண்டியோட்டிப் பிழைத்தவர், போக்குவரத்துத் தொழிலாளர்களைத் திரட்டி மாபெரும் சங்கம் கண்டவர். 1940-ம் ஆண்டின் இறுதியிலே ஓர் ஆணை பிறந்தது: போர்த் தளவாடம் செய்யும் தொழிற்சாலையிலே 250 பேருக்கு மேல் வேலை செய்தால், அங்கே கட்டாயம் சாப்பாட்டுக்கூடம் இருக்க வேண்டும். அந்த 250 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். பிறகு நம் நாட்டிலே அதைச் சந்திக்கப் போகிறோம்.

இரண்டாவது வழி, தொழிற்சாலைக்கு வெளியே. பெரிய ஆலையில் இருப்பவனுக்குக் கூடம் கிடைத்துவிட்டது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்காரன் என்ன செய்வான்? கடைச் சிப்பந்தி என்ன செய்வான்? ஆலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்ட தாய் வீட்டிலே அடுப்பு மூட்ட நேரமேது? குண்டு விழுந்து வீடே தரைமட்டமானவனுக்கு அடுப்புத்தான் ஏது? 1940 செப்டம்பரிலே லண்டன் மீது இரவு தோறும் குண்டு மழை பொழிந்தபோது, நகர நிர்வாகம் வீடிழந்தோருக்குச் சமைத்துப் போடத் தொடங்கிற்று. அந்த அவசர அடுப்பிலிருந்துதான் பொது உணவுச்சாலைத் திட்டம் கிளம்பியது. உணவு அமைச்சர் உல்டன் பிரபு அதை நாடெங்கும் பரப்பினார்.

கூடம் அமைக்கும் முதலை உணவு அமைச்சகம் கொடுத்தது. நடத்தும் பொறுப்பு உள்ளூர் ஆட்சி மன்றத்துக்கு. லாபம் கூடாது. பள்ளிக்கூடம், மாதாகோவில் மண்டபம், காலியாகக் கிடந்த கட்டடம், எங்கே இடம் இருந்ததோ அங்கே மேசை போட்டார்கள். வாசலில் காசு கொடுத்து வில்லை வாங்க வேண்டும். வரிசையில் போய்த் தானே எடுத்துக்கொண்டு அமர வேண்டும். இறைச்சி, இரண்டு காய்கறி, ஓர் இனிப்பு. விலை ஏறத்தாழ 9 பென்ஸ். ஐந்து ஷில்லிங் என்றால் 60 பென்ஸ். சீமான் ஓட்டலின் உச்சவரம்பிலே ஆறில் ஒரு பங்குகூட இல்லை இந்தச் சாப்பாடு! 1943-ம் ஆண்டிலே இத்தகைய உணவுச்சாலைகள் 2,160 இருந்தன. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6 லட்சம் சாப்பாடு வழங்கின. வகுத்துப் பாருங்கள்: கூடம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 280 பேர். சுவை எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இருக்கவில்லை, முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் முணுமுணுத்துக்கொண்டே மறுநாளும் வந்தார்கள். பசித்தவனுக்குப் பந்தி இருந்தது.

இந்தக் கூடங்களுக்கு முதலில் வைத்த பெயர், "சமுதாய உணவு நிலையம்" என்ற பொருள் தருவது. பிரதமர் சர்ச்சிலுக்கு அந்தப் பெயர் எட்டிக்காயாய்க் கசந்தது. அதிலே பொதுவுடைமை வாடையும் அனாதைச் சத்திரத்து வாடையும் அடிக்கிறது என்று 1941 மார்ச்சிலே உல்டனுக்குக் குறிப்பு அனுப்பினார். "பிரிட்டிஷ் ரெஸ்டாரண்ட்" என்று பெயர் வைக்கச் சொன்னார், அதுவே நிலைத்தது.

சர்ச்சில் நமக்கு உறவினர் அல்ல; ஏகாதிபத்தியத்தின் காவலர். ஆனாலும் இந்த இடத்திலே அவர் கண்ட ஒன்றை நாம் காண வேண்டும். சோறு ஒன்றுதான், அதைக் கஞ்சித் தொட்டி என்று சொல்லிப் போட்டால் வாங்குகிறவன் தலை குனிகிறான், உணவுச்சாலை என்று சொல்லிப் போட்டால் தலை நிமிர்ந்து உள்ளே வருகிறான். கஞ்சித் தொட்டியின் முன்னே நிற்பவன் கையில் கலயம் இருக்கும். உணவுச்சாலைக்கு வருபவன் கையில் காசு இருக்கும். அந்தச் சில்லறைக் காசு, விலையைவிடப் பெரிய வேலை ஒன்றைச் செய்கிறது: "இது பிச்சையல்ல, நான் வாங்கிய சாப்பாடு" என்று சொல்ல வைக்கிறது. கட்சி பாராமல், வர்க்கம் பாராமல் நாட்டின் பெயரையே அந்தக் கூடத்துக்குச் சூட்டியதால், எவனும் அதை எதிரியின் கூடம் என்று ஒதுக்கவில்லை.

1941-ம் ஆண்டு என்றோமே, அந்த ஆண்டிலே நம் நாட்டுப் பந்தி எப்படி இருந்தது? ரயில் நிலையத்துச் சாப்பாட்டு விடுதியிலே பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். ஒரே ரயில், ஒரே டிக்கெட், ஒரே விலை. இலை மட்டும் வேறு வேறு! பெரியார் தொடர்ந்து எழுப்பிய எதிர்ப்புக்குப் பிறகு, 1941-ம் ஆண்டிலேதான் அந்தப் பிரிவினை நீங்கியது. அங்கே பணக்காரனையும் பட்டறைக்காரனையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரப் பாடுபட்டுக்கொண்டிருந்த ஆண்டிலே, இங்கே மனிதனையும் மனிதனையும் ஒரே அறைக்குள் கொண்டுவரவே போராட வேண்டியிருந்தது. பதினாறு ஆண்டு கழித்து, 1957-ம் ஆண்டிலே, சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் "பிராமணாள்" என்ற சொல்லை அழிக்கக் கோரி நாள் தவறாமல் மறியல் நடந்ததையும், தோழர்கள் சாரி சாரியாகச் சிறை புகுந்ததையும் மறந்துவிட முடியுமா? பந்தி என்பது வயிற்றோடு முடிகிற விஷயமன்று இந்த மண்ணிலே. அது மானத்தோடு ஒட்டிய விஷயம்.

இனி வங்காளம்.

1942 மார்ச்சிலே ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது என்று கடலோர வங்காளத்திலே படகுகளைச் சர்க்கார் பறித்துக்கொண்டது. மீன் பிடிப்பவன் தொழில் இழந்தான், நெல் ஏற்றுபவன் வழி இழந்தான். அக்டோபரிலே மேதினிப்பூர்ப் பக்கம் புயல் வீசிப் பயிரைப் பாழாக்கியது. பதுக்கல்காரன் பூட்டுப் போட்டான். விலை விண்ணுக்கு ஏறியது. 1943-ம் ஆண்டிலே கல்கத்தா வீதிகளில் எலும்புக்கூடுகள் நடந்தன. நடந்து நடந்து விழுந்தன. தானியம் ஏற்றிவரக் கப்பல் வேண்டும் என்று டில்லியிலிருந்து கேட்டார்கள்; கேட்ட அளவு அனுப்ப லண்டன் போர் அமைச்சரவை மறுத்தது. அந்த அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவர், லண்டன் சாப்பாட்டுக்கூடத்துக்கு நல்ல பெயர் தேடிய அதே சர்ச்சில்! மாண்டவர் தொகை பதினைந்து லட்சம் என்றது சர்க்கார் அமைத்த விசாரணைக் குழு. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் இருபது லட்சத்திலிருந்து முப்பது லட்சம் வரை கணக்கிடுகிறார்கள்.

வங்காளத்திலே எல்லோருமா பட்டினி கிடந்தார்கள்? இல்லை என்பதுதான் கதையின் கொடிய பகுதி. கல்கத்தாவிலே போருக்கு வேண்டிய சரக்குச் செய்யும் ஆலைகளிலே வேலை பார்த்தவர்களுக்கு, முதலாளிகள் மூலமாகச் சலுகை விலையில் அரிசி கிடைக்க ஏற்பாடு இருந்தது. கிராமத்து உழவுக் கூலிக்கு, மீனவனுக்கு, நெசவாளிக்கு, நாவிதனுக்கு அந்த ஏற்பாடு இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது, காலம் கடந்து திறந்த கஞ்சித் தொட்டி. படைக்கு வேண்டியவனுக்குப் பந்தி, வேண்டாதவனுக்குப் பாடை!

ஆக, லண்டனிலே சாப்பாட்டுக்கூடம் திறந்ததும் கல்கத்தாவிலே பிணம் விழுந்ததும், ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். லண்டன் தொழிலாளியிடம் ஓட்டு இருந்தது, சங்கம் இருந்தது, அமைச்சரவையிலே அவன் ஆள் ஒருவர் இருந்தார். அவன் முகம் சுளித்தால் பீரங்கி நின்றுபோகும் என்று ஆளவந்தார்களுக்குத் தெரியும். வங்காளத்து உழவுக் கூலியிடம் எதுவுமில்லை. இரக்கம் யாருக்குச் சோறு போடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வலிமை யாருக்குச் சோறு வாங்கித் தரும் என்று சொல்லிவிடலாம்.

இரக்கத்தை இகழ்கிறேனா? ஒருபோதும் இல்லை. நம் கடலூர் மாவட்டத்து வடலூரிலே 1867-ம் ஆண்டு வள்ளலார் தருமச்சாலை கண்டார். சாதி கேளாமல், மதம் கேளாமல் பசி என்று வந்தவருக்குச் சோறு. அணையா அடுப்பு என்று மக்கள் அழைக்கும் அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. பசியைப் பிணி என்று கண்டு, அதைப் போக்குவதையே வழிபாட்டுக்கு மேலாக வைத்த அந்தப் பெரியவரின் உள்ளத்துக்குத் தலை வணங்காதவன் மனிதனல்ல. ஆனால் தருமச்சாலை தோன்றிப் பத்தாண்டுக்குள், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் சூறையாடியபோது சர்க்கார் என்ன செய்தது? செலவைக் குறைக்க ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பியது. பஞ்ச நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார் அவர். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு! மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், வெள்ளைக்காரராக இருந்தும், உழைக்கிற உடலுக்கு இது போதாது என்று வாதாடினார். ஒரு துறவி மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்தது. ஒரு சாம்ராஜ்யத்தின் அடுப்பு படியளக்கும்போது கை நடுங்கியது. அடுப்பு ஒன்று இருந்தால் போதாது, அது ஆட்சியின் அடுப்பாகவும் இருக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு வள்ளலார் பிறப்பார் என்று காத்திருக்க முடியுமா?

இனி, அந்த 250 என்ற எண்ணுக்கு வருவோம். விடுதலை பெற்ற இந்தியா 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் செய்தது. அதன் 46-ம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையிலே கேன்டீன் இருக்க வேண்டும் என்று விதி செய்யச் சர்க்காருக்கு அதிகாரம் தந்தது. போர்க்கால இங்கிலாந்தின் ஆணையிலே கண்ட அதே எண்! கேன்டீன் நிர்வாகத்திலே தொழிலாளர் பிரதிநிதிக்கு இடம் என்பதையும் அந்தப் பிரிவு சொல்லிற்று. 2020-ம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்புச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து அந்த எண்ணை 100 ஆக்கியது. ஆலைக்கு உள்ளே இருப்பவனுக்கு, தாளிலாவது, பந்தி எழுதப்பட்டிருக்கிறது. ஆலைக்கு வெளியே இருப்பவனுக்கு?

சற்றுச் சுற்றிப் பாருங்கள், மஞ்சக்குப்பத்தை! கம்பெனிக்காரன் காலத்திலிருந்தே ஆட்சி பீடம் இது. பக்கத்திலே செயின்ட் டேவிட் கோட்டை. சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்த 1746-ம் ஆண்டு முதல் 1752 வரை, கம்பெனியின் தலைமையிடமே அதுதான். இன்றும் கலெக்டர் கச்சேரியைத் தேடி மாவட்டத்தின் கோடியிலிருந்தெல்லாம் மக்கள் வருகிறார்கள். திட்டக்குடியிலிருந்தும் காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறி வருகிறவன் கையில் மனு இருக்கும். மடியிலே திரும்பிப் போகிற பஸ் சார்ஜ் இருக்கும். "மதியத்துக்கு மேலே வா" என்று சொல்லிவிட்டால், நடுவிலே அவன் வயிற்றுக்கு என்ன வழி? முதுநகர்த் துறைமுகத்திலே மீன் கூடை சுமக்கும் தாய், கட்டட வேலைக்குச் சித்தாளாக வந்தவள், ஆட்டோ ஓட்டுகிற தம்பி, மூட்டை தூக்குகிற அண்ணன், துப்புரவுத் தொழிலாளி, இவர்களில் யாருக்குக் கேன்டீன் எழுதியது சட்டம்? இவர்கள் 250-லும் வரமாட்டார்கள், 100-லும் வரமாட்டார்கள். இவர்களுக்கு இருப்பது நகரத்தின் பொதுப் பந்தி ஒன்றுதான்.

அந்தப் பந்தி தமிழ்நாட்டிலே 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சியின் வழியாக விரிந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் அடுப்பின் முன்னே நின்றார்கள். பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவிற்று. திறந்தவர் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா. மலிவு விலை உணவகம் என்று தொடங்கியதற்கு அம்மா உணவகம் என்று பெயரிட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலே சென்னை மூழ்கியபோதும், 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கிலே ஓட்டல்களெல்லாம் கதவடைத்தபோதும், வேலையிழந்த கூலிகளுக்கும் வெளியூர்த் தொழிலாளருக்கும் அந்த அடுப்புகள்தான் சோறு போட்டன. குண்டு மழையிலே லண்டன் கண்டதை, கன மழையிலே சென்னை கண்டது.

பெயரால் வரும் ஆபத்தையும் கண்டோம். ஆந்திரத்திலே 2018-ம் ஆண்டு அண்ணா கேன்டீன் திறந்தார்கள். நம் அண்ணா அல்லர். அம்மாநில மக்கள் அண்ணா என்று அழைத்த என்.டி.ராமராவ். ஐந்து ரூபாய்க்குச் சாப்பாடு. 2019-ம் ஆண்டு ஆட்சி மாறியது; அடுப்புகள் அணைந்தன. 2024-ம் ஆண்டு பழைய ஆட்சி திரும்பியது. ஆகஸ்டிலே அடுப்புகள் மீண்டும் எரிந்தன. நடுவிலே ஐந்தாண்டு! ஆட்சி மாறும், சரி. பசி மாறுமா? தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை மூட்டை தூக்குகிறவனுக்குப் பசிக்காமல் போய்விடுமா?

நம் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021 மே மாதம், ஆட்சி மாறிய வேளையிலே, சென்னை முகப்பேரில் ஓர் அம்மா உணவகத்திலே தி.மு. கழகத்தைச் சேர்ந்த இருவர் புகுந்து பெயர்ப் பலகைகளைப் பிய்த்தெறிந்தனர். மு.க.ஸ்டாலின் அவர்களைக் கட்சியிலிருந்து நீக்கவும், வழக்குத் தொடுக்கவும், பலகைகளை மீண்டும் வைக்கவும் உத்தரவிட்டார். 2024 ஜூலையிலே, முதலமைச்சராக, அந்த உணவகங்களைப் புதுப்பிக்க 21 கோடி ரூபாய் ஒதுக்கினார். பலகையைப் பிய்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பந்தியைக் கட்டி எழுப்ப ஒரு தலைமுறை ஆகும். மாற்றான் மூட்டிய அடுப்பு என்று தண்ணீர் ஊற்றுகிறவன், தன் இனத்தான் வயிற்றிலேதான் ஊற்றுகிறான்.

பலகையைப் பிய்க்கிறவனைவிட ஆபத்தானவன் ஒருவன் உண்டு, தோழர்களே! அவன் கையிலே கல் இருக்காது. கணக்குப் புத்தகம் இருக்கும். "நஷ்டம்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவன் அடுப்பை அணைப்பான். சத்தமே கேட்காது.

இங்கிலாந்திலே அதுதான் நடந்தது. போர் முடிந்தது. 1947-ம் ஆண்டு, தொழிற்கட்சியின் ஆட்சியிலேயே, நகராட்சி உணவுச்சாலைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. நிரந்தரமாக நடத்த அனுமதி தந்தது அந்தச் சட்டம். கூடவே ஒரு கண்ணியும் வைத்தது. தொடர்ந்து மூன்றாண்டு நஷ்டம் வந்தால், அமைச்சரின் தனி அனுமதி இல்லாமல் நடத்தக் கூடாது! போரிலே உயிர் காத்த கூடத்தை, அமைதியிலே வரவு செலவுத் தராசில் ஏற்றினார்கள். ஒவ்வொன்றாகக் கதவு சாத்தப்பட்டது.

நம் சென்னையிலும் நடந்தது. 1920-ம் ஆண்டு, நீதிக் கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பொறுப்பிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்தது. ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. பிள்ளைகள் திரண்டு வந்தார்கள்; வேறு பள்ளிகளுக்கும் பரவிற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று மேலிடத்துச் சர்க்கார் தடுத்தது. 1925-ம் ஆண்டிலே திட்டம் நின்றது. பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் தொகை சரிந்தது. எந்தத் தலைப்பிலே செலவு எழுதுவது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் பிள்ளைகளைப் பட்டினி போட்டார்கள்! காமராசர் 1956-ல் அந்த அடுப்பை மாநிலமெங்கும் மூட்டினார். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்தார். கலைஞர் 1989-ல் முட்டை சேர்த்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டி வந்தது. கட்சிகள் வேறு, தலைவர்கள் வேறு. ஒருவர் மூட்டியதை அடுத்தவர் அணைக்கவில்லை, விறகு சேர்த்தார். அதனால்தான் நஷ்டம் என்று சொல்லி அந்தத் திட்டத்தைத் தொட இன்று எவருக்கும் துணிவில்லை. பெரியவர்களின் பந்திக்கும் அந்தக் காப்பு வேண்டும்.

நஷ்டம் என்கிறார்களே, எதிலே நஷ்டம்? தெருவிளக்கு எந்த மாதம் லாபம் காட்டிற்று? சாலையிலே போகிறவனிடம் அடிக்கு இத்தனை காசு என்று வாங்குகிறோமா? நகராட்சி விளக்கைச் செலவு என்று எழுதுகிறது, சாக்கடையைச் செலவு என்று எழுதுகிறது. உழைப்பவன் சாப்பாட்டை மட்டும் நஷ்டம் என்று எழுதுவானேன்? ஐந்து ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு ஐந்நூறு மூட்டை இறக்குகிறானே, அந்த வரவை எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள்?

நமக்கு இதை நடத்தத் தெரியாதா? 2004 டிசம்பர் 26-ம் நாள் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்திலும் மற்றக் கடலோரக் குப்பங்களிலும் புகுந்தது. நம் மாவட்டத்திலே மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. அன்று பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் சமையற்கூடங்களாயின. அண்டா வந்தது, அரிசி வந்தது, கரண்டி பிடிக்கக் கைகள் வந்தன. பந்தியிலே யாரும் யாருடைய சாதியையும் கேட்கவில்லை. பேரிடர் வந்தால் பந்தி விரிக்கத் தெரிந்த நமக்கு, அன்றாடம் வரும் இடரான பசிக்கு விரிக்கத் தெரியாமலா போகும்?

ஆகவே, செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உங்கள் ஊரிலே மலிவு விலை உணவகம் இருந்தால், வாரத்தில் ஒரு நாளாவது அங்கே போய்ச் சாப்பிடுங்கள். கட்சிக் கரை வேட்டியோடு போங்கள். காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். சாம்பாரிலே பருப்பு இருக்கிறதா, தட்டு கழுவத் தண்ணீர் வருகிறதா, சமைக்கும் பெண்களுக்கு மாதாமாதம் கூலி கைக்கு வருகிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் நகர மன்றத்திலே நம் உறுப்பினரை எழுப்புங்கள். பெரிய மனிதர்கள் சாப்பிடாத கூடத்திலே சோறு குழையும். நாலு பேர் கவனிக்கிற கூடத்திலே பதம் தவறாது.

கூடம் திறக்கும் நேரத்தை அலுவலகக் கடிகாரத்தைப் பார்த்து வைக்காமல், உழைப்பவன் நேரத்தைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகிறவளுக்குக் காலை எட்டு மணி என்பது பாதி நாள்! கலெக்டர் கச்சேரி, நீதிமன்றம், அரசு மருத்துவமனை, பஸ் நிலையம், துறைமுகம், எங்கெங்கே ஏழை காத்துக் கிடக்கிறானோ அங்கங்கே பந்தி வேண்டும் என்று கேளுங்கள். உணவகத்துக்கு ஆகும் செலவை ஆண்டுதோறும் கெஞ்சிப் பெறும் மானியமாக விடாமல், சட்டத்தின் பாதுகாப்புக் கொண்ட செலவாக எழுத வையுங்கள். எவர் பெயரில் இருந்தாலும் சரி, நடக்கிற உணவகம் மூடப்பட்டால், "யார் திறந்தது?" என்று கேட்காதீர்கள். "ஏன் மூடினாய்?" என்று கேளுங்கள்.

போர் வந்தபோது லண்டன் சீமான்களுக்குத் தொழிலாளியின் வயிறு கண்ணுக்குத் தெரிந்தது. போர் போனதும் மறைந்துவிட்டது. நமக்கு அப்படி ஒரு போர் வேண்டாம். ஓட்டு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, நகர மன்றம் இருக்கிறது. அவை இருக்கும்போதே பந்தியை உறுதி செய்துகொள்வோம்.

படைக்கு அழைத்தபோதெல்லாம் முந்தி நின்றவன் பாட்டாளி. பந்தியிலும் அவன் இலை முன்வரிசையிலே விழட்டும்!